சென்னை முகவரி இருப்பதால் வீடு பக்கத்தில் வந்துவிடாது

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கு,

சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, இப்போது ஹவுஸ் சர்ஜனாகப் பணி செய்கிறேன். விடுதியில் இடம் ஒதுக்கும் முறையை மாற்றச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். புதிய கட்டடங்களும் வேண்டும்தான். ஆனால் அதற்குப் பணமும் ஆண்டுகளும் பிடிக்கும். முறையை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும்.

எங்கள் கல்லூரியில் விடுதி விண்ணப்பத்தில் முதலில் பார்ப்பது வீட்டு முகவரியை. வெளிமாவட்டம் என்றால் முன்னுரிமை, சென்னை என்றால் டே ஸ்காலர். தருமபுரியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவர்களுக்கு முதலில் இடம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. எண்ணூரும் சென்னை, சோழிங்கநல்லூரும் சென்னை. தாம்பரத்து மாணவர் மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க் ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். சோழிங்கநல்லூர் மாணவி மெட்ரோ பணிகளால் குறுகிப்போன பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்தில் நின்றபடி சென்ட்ரலுக்கு வந்து சேர அதைப்போல் இருமடங்கு நேரம் ஆகும். முகவரிப்படி வெளியூர்க்காரர் தாம்பரத்துப் பிள்ளை. பயணத்தின்படி பார்த்தால் சோழிங்கநல்லூர்ப் பிள்ளைதான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை அரசுதான் அதே பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்துக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. அங்கிருந்து ஒரு பெண் அரசுப் பள்ளியில் படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒதுக்கீட்டில் வருகிறவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்திருக்கிறது. இடம் கிடைத்தால்தானே அந்தச் சலுகை கைக்கு வரும்? அவள் முகவரி சென்னை. ஐந்து பேர் படுத்துறங்கும் சின்ன வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு அனாடமி புத்தகத்தைப் பிரிப்பதா, விடியலில் எழுந்து பேருந்துக்கு ஓடுவதா என்று அவள் தவிக்க வேண்டியதுதான்.

மருத்துவப் படிப்பில் பயணம் எதைத் திருடுகிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்களும் வார்டில் கற்றவர்தானே? காலையில் ஓ.பி.யிலும் வார்டு ரவுண்ட்ஸிலும் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. நிஜமான கற்றல் மாலை 6 மணிக்கு மேல்தான். பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அடங்கிய பிறகு, நோயாளிகள் தங்கள் கதையை அவசரமில்லாமல் சொல்வார்கள். கொஞ்சம் ஓய்வாக இருக்கும் முதுநிலை அக்கா ஒருவர், "இங்கே வை, இப்போது கேட்கிறதா பார்" என்று ஸ்டெதஸ்கோப்பை நகர்த்திக் காட்டுவார். மைட்ரல் ஸ்டெனோசிஸின் முணுமுணுப்பு எனக்குக் காதில் விழுந்தது அப்படியொரு மாலையில்தான். அந்த நேரத்தில் டே ஸ்காலர்கள் ரயிலில் இருக்கிறார்கள். இறுதித் தேர்வில் கேஸ் சொல்லும்போது அவர்களுடைய தடுமாற்றத்தைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

பயிற்சிக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கல்லூரி ஓரிடத்தில் இருந்தாலும் பயிற்சி ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி சென்ட்ரலுக்கு எதிரே. அதன் மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரில், மனநல மருத்துவமனை அயனாவரம் பக்கம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு ராயப்பேட்டை மருத்துவமனை, ஸ்டான்லி கல்லூரிக்கு ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. மெட்ரோ இரவு 11 மணியளவில் நின்றுவிடுகிறது. இரவு 8 மணிக்குக் கை மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டிய பணி, யாருக்காவது ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் 11-ஐத் தாண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் தொழில் அப்படி. லேபர் வார்டில் 24 மணி நேரம் கண்விழித்த பெண், மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குக் கிளம்புவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. சிக்னலில் கண் அசந்துபோனதாகத் தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் பக்கத்தில் வீடு பிடிக்கலாமே என்பார்கள். பெரியமேடு, சூளை, வேப்பேரி, புரசைவாக்கம் எல்லாம் நாங்கள் தெருத்தெருவாக அலைந்த இடங்கள்தான். கல்யாணமாகாதவர்களுக்கு வீடில்லை, மாமிசம் சமைக்கக் கூடாது, பத்து மாத அட்வான்ஸ் என்று பதில்கள் வந்தன. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அதே சட்டம் வழிவிடுகிறது. வீடு தேடி நிற்கிறவர் எந்த நிபந்தனைக்குத்தான் தலையாட்ட மாட்டார்? ஆண்களுக்காவது திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் உண்டு. பெண்களுக்கான தனியார் விடுதிகளில் மூவர் பகிரும் அறையில் ஒரு கட்டிலுக்கு மாதம் 7,000, 8,000 ரூபாய் கேட்கிறார்கள். அங்கும் இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். நடுராத்திரி வரும் பெண்ணுக்குக் கதவைத் திறக்கப் பொறுப்பாளருக்குப் பயம். அந்தப் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இளையவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. பெரம்பூரைத் தாண்டி உள்ளே போனால் 2,000 ரூபாய் குறைவு, போகலாமா அக்கா என்பார்கள். போக வர நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால், 25 நாளில் 50 மணி நேரம். ஒரு மணி நேரத்தை 40 ரூபாய்க்கு விற்கிறாய், விற்காதே என்று சொல்வேன். ஆனால் கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் அந்த 2,000 ரூபாயைக் கூடுதலாகக் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த இடத்தில் என் யோசனை நின்றுவிடுகிறது. அரசு கை கொடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள், முதுநிலை மாணவர்களுக்குக் கல்லூரி தங்குமிடம் தந்தே ஆக வேண்டும் என்கின்றன. மாணவர்களின் மனநலம் பற்றி ஆணையம் அமைத்த குழு 2024-இல் தந்த அறிக்கை, உறைவிட மருத்துவர்களின் பணி வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தினமும் ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஆறு நாள் வேலை என்றால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதோடு ஏழு மணி நேரத் தூக்கத்தையும் மூன்று மணி நேரப் பயணத்தையும் கூட்டுங்கள். குளிக்க, சாப்பிட, அடுத்த தேர்வுக்குப் படிக்க, வீட்டுக்குப் போன் பேச என்று எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது இரண்டு மணி நேரம்கூட இல்லை. பயணத்தைக் கணக்கில் சேர்க்காமல் பணி நேரத்தை மட்டும் குறைத்தால் தூக்கம் வந்துவிடாது.

பணியிடத்திலேயே கொஞ்சம் கண்ணயரவும் பாதுகாப்பான இடம் வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், இரவுப் பணியின் நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போன ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் அறை, அதில் ஒரு கட்டில், பக்கத்திலேயே கழிவறை. ஒவ்வொரு பணியிடத்திலும் பெண்களுக்கென்று தனியாக இவை இருக்க வேண்டும். கேமராக்களை எண்ணுவதற்கு முன் இந்த அறைகளை எண்ணச் சொல்லுங்கள்.

தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தோழி விடுதிகளை இதே அரசுதான் கட்டி நடத்துகிறது. அதுபோன்ற ஒன்றை எழும்பூர், பூங்கா நகர் வட்டாரத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலிய மாணவிகளுக்கும் சேர்த்துக் கட்டலாம். நேரம் பார்க்காமல் கதவைத் திறக்கும் காவலரும், இரவு பன்னிரண்டுக்கும் சோறு கிடைக்கும் மெஸ்ஸும் அதில் அவசியம். அது எழும்பும் வரை, ஒவ்வொரு கல்லூரியையும் அதன் இணைப்பு மருத்துவமனைகளையும் இணைத்து, இரவு 9 மணி முதல் காலை 6 வரை ஒரு வேன் ஓடட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த விண்ணப்பப் படிவத்தைத் திருத்துங்கள். முகவரிக்குக் கீழே இரண்டு கேள்விகள் சேர்ந்தால் போதும்: காலை 7.30 ஓ.பி.க்கு வந்து சேர வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? இரவு 10 மணிக்குக் கிளம்பினால் எதில் ஏறி, எத்தனை மணிக்கு வீடு சேர முடியும்? இந்த இரண்டு விடைகளையும் குடும்ப வருமானத்தையும் வைத்து இடம் ஒதுக்குங்கள். கொஞ்சம் அறைகளை யாருக்கும் நிரந்தரமாகத் தராமல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, கேஷுவால்டி போஸ்டிங்கில் இருக்கும் டே ஸ்காலர்களுக்கு அந்தந்த மாதங்களுக்கு மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அடுத்த அணி பயிற்சியில் சேருவதற்கு முன் இந்தச் சுற்றறிக்கை கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி மருத்துவர்,
சென்னை