ஆறாவது பெயர்

லெட் செப்பலின் குழுவின் நான்காவது இசைத்தட்டு 1971 நவம்பரில் கடைக்கு வந்தபோது, அட்டையில் குழுவின் பெயர் இல்லை, தலைப்பும் இல்லை. முதுகில் சுள்ளிக்கட்டோடு கூனி நிற்கும் ஒரு கிழவர் படம்தான் முகப்பு. பெயரே வேண்டாம் என்று அடம்பிடித்த அந்தத் தட்டில்தான் விடுபட்ட ஒரு பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

கடைசிப் பாட்டு ‘வென் த லெவீ பிரேக்ஸ்’. ஆற்றங்கரை உடைப்பெடுக்கும்போது என்று பொருள். ஆக்கியவர்கள் என்று ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளான்ட், ஜான் பால் ஜோன்ஸ், ஜான் பான்ஹம் ஆகிய நால்வரோடு ஐந்தாவதாக மெம்ஃபிஸ் மின்னியையும் போட்டிருக்கிறார்கள். பழைய புளூஸ் பாட்டுகளை எடுத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்த குழு இது. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்த பிறகுதான் அவர் பெயர் அதில் ஏறியது. ஆகவே மின்னியின் பெயரைக் கண்டதும் பாராட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம்.

1927இல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. கரையைக் காக்க மணல் மூட்டை சுமந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். பலர் துப்பாக்கி முனையில் சுமந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, கொலம்பியா நிறுவனத்துக்காக நியூயார்க்கில் ஒரு தம்பதி இந்த வெள்ளத்தைப் பாட்டாகப் பதிவு செய்தார்கள். தட்டின் மேல் ‘கன்சாஸ் ஜோ, மெம்ஃபிஸ் மின்னி’ என்று இரண்டு பெயர்கள். பாடியது ஜோ மெக்காய். மின்னியின் விரல்கள் கிட்டாரில். 1971 தட்டுக்கு மனைவியின் பெயர் வந்து சேர்ந்தது. பாடிய கணவனின் பெயர் வரவில்லை.

செப்பலின் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சொற்களைத்தான். துள்ளிக்கொண்டு போகும் அந்தக் கிட்டார் நடைக்கும் இவர்களுடைய ஏழு நிமிட இடிமுழக்கத்துக்கும் ஒட்டுறவு குறைவு. அந்த முழக்கத்துக்கும் ஒரு முகவரி உண்டு: ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச். 1795இல் ஏழைகள் விடுதியாகக் கட்டிய வீடு. அதன் கூடத்தில், மாடிப்படிக்கு அடியில் பான்ஹமின் டிரம்ஸ். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்தளத்திலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டு, ஒலியை பின்சன் எக்கோ கருவி வழியாக அனுப்பினார். பிறகு நாடாவின் வேகத்தையும் குறைத்தார்கள். பாட்டு சேற்றில் நடப்பதுபோல் கனத்தது அதனால்தான். 1986இல் பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தைத் தொடங்கியதே இந்த டிரம்ஸை அப்படியே எடுத்து வைத்துத்தான். பாதிப் பாட்டை அந்த மாடிப்படிதான் வாசித்தது என்றால் பான்ஹம் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்; வரட்டும்.

மெக்காய் 1950இலேயே காலமானார். இந்த முழக்கத்தைக் கேட்க அவர் இல்லை. மின்னி 1973 வரை இருந்தார். அடுத்த அச்சிலாவது ஐந்து பெயர்களோடு ஆறாவதாக ஜோ மெக்காய் என்று சேர்க்க வேண்டும். ஒரு வரிக்கு அட்டையில் இடம் இருக்கிறது.