பழுதானவைக்கும் ஒரு மருத்துவமனை

2011 முதல் அரசு நம் அக்காமார்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள் பழுதானவை பல இன்று பரணில் உறங்குகின்றன. காயலான் கடைக்குப் போனால், செம்புக்காகக் கம்பிகளை எரிப்போர் உண்டு, நச்சுப்புகையே மிஞ்சும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2000-இல் தொடங்கிய 'ஃப்ரீ கீக்' என்னும் தொண்டு நிறுவனம் வேறு வழி காட்டியது. நன்கொடையாக வந்த கணினிகளை அங்கே செப்பனிட்டனர். 24 மணி நேரம் தொண்டு செய்தவர் ஒரு கணினியோடு வீடு திரும்பினார்.

பழையதைத் தள்ளிவிடுவது தானமாகாது. பயன்படும்படி கொடுப்பதே தானம். அதற்குக் கைத்திறன் வேண்டும். 11-ஆம் நூற்றாண்டிலேயே 15 கட்டில்களுடன் மருத்துவமனை இருந்ததைக் கோயில் கல்வெட்டுக் கூறும் ஊர் நம் திருமுக்கூடல். பழுதான கருவிகளுக்கும் இங்கே ஒரு மருத்துவமனை எழட்டும்! பெண்களாகிய நாமும் திருப்புளி பிடிக்கக் கற்போம். கணினி இல்லாத தங்கையர் காத்திருக்கின்றனர்.