நியூ ஆர்லியன்ஸ் சார்ட்டர் பள்ளிகளில் பணிபுரிவோர், பயில்வோர் நிலை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: ஆர்லியன்ஸ் பாரிஷ் பள்ளி வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள், கண்காணிப்பாளர், லூசியானா மாநிலத் தொடக்க, இடைநிலைக் கல்வி வாரியத்தார்.

அனுப்புநர்: நியூ ஆர்லியன்ஸ் நகரச் சார்ட்டர் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களின் பெற்றோரும் இணைந்த சங்கம்.

பொருள்: சார்ட்டர் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கையில் பணியாளர், மாணவர் பாதுகாப்புக்கான விதிகளைச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரியோரே,

சார்ட்டர் பள்ளி என்பது அரசு நிதியில், கட்டணமின்றி நடைபெறும் பொதுப் பள்ளியே எனினும், அதை நடத்துவது அரசின் கல்வித் துறை அன்று, இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பின் ஆட்சிக்குழுவாகும். அக்குழு வாரியத்துடன் சில ஆண்டுகளுக்கென ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, தேர்ச்சி விகிதத்துக்கும் கணக்குவழக்குக்கும் பொறுப்பேற்பதற்கு ஈடாக, ஆசிரியர் நியமனம், ஊதியம், பாடவேளை, பாடத்திட்டம் ஆகியவற்றில் ஏனைய பொதுப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெறுகிறது. சார்ட்டர் எனப்படுவது அந்த ஒப்பந்தமே. அதில் கையொப்பமிடுவோர் இருவர், வாரியமும் நடத்துநரும். வகுப்பறையில் நாள்தோறும் அதன் விளைவைச் சுமக்கும் ஆசிரியரும் மாணவரும் அதில் ஒரு தரப்பாக இல்லை. இம்மனுவின் கோரிக்கைகள் அனைத்தும் அந்த ஒரு குறையிலிருந்து எழுவன.

இந்த ஏற்பாடு தொடக்கத்தில் இவ்வாறு கருதப்படவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் இக்கருத்தைப் பொதுமேடையில் முன்வைத்தபோது, புதிய கற்பித்தல் முறைகளை ஆசிரியர்களே வகுத்துச் சோதித்துப் பார்க்கும் உரிமையை அவர்களுக்கு அளிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது; 1995இல் லூசியானாவும் பின்தொடர்ந்தது. ஆசிரியரின் சுதந்திரத்துக்கெனப் பிறந்த அமைப்பு நடத்துநரின் சுதந்திரமாக உருமாறியது பல மாநிலங்களிலும் நிகழ்ந்ததுதான் என்றாலும், ஒரு பெருநகரம் முழுவதும் அவ்வாறு மாறியது நியூ ஆர்லியன்ஸில் மட்டுமே.

2005 ஆகஸ்டு 29ஆம் நாள் வீசிய கத்ரீனா புயலுக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் இயற்றப்பட்ட 35ஆம் சட்டத்தின்கீழ் நகரின் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாநில அரசின் மீட்புப் பள்ளி மாவட்டத்திடம், அதாவது தேர்ச்சியில் பின்தங்கிய பள்ளிகளை ஏற்று நடத்த மாநிலம் அமைத்த நிர்வாகத்திடம், ஒப்படைக்கப்பட்டு, படிப்படியாகச் சார்ட்டர் நடத்துநர்களிடம் சென்றன; ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர்; 2006 ஜூனில் ஆசிரியர் சங்கத்துடனான கூட்டுப்பேர ஒப்பந்தம் காலாவதியாக விடப்பட்டது. பணியிழந்தோர் தொடுத்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் ஏற்றபோதிலும், மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. நகரின் பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 2005இல் 71 விழுக்காடாக இருந்த கறுப்பின ஆசிரியர்களின் பங்கு 2014க்குள் 49 விழுக்காடாகச் சரிந்ததை டுலேன் பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு மையம் பதிவு செய்துள்ளது. அதே மையம், மாற்றத்துக்குப் பின் மாணவரின் தேர்வு மதிப்பெண்களும் பள்ளிப் படிப்பை முடிப்போரின் விகிதமும் உயர்ந்தன என்றும் காட்டியுள்ளது. இச்சங்கம் அதை மறுக்கவில்லை. அந்த உயர்வு வகுப்பறையில் நின்றோரின் உழைப்பால் வந்தது என்பதால் மறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

பணியாளர் நிலையில் உள்ள பெரும் முரண் சட்டத்தின் பார்வையிலேயே தெரிகிறது. இந்நகரச் சார்ட்டர் பள்ளி ஒன்றின் ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, தான் அரசின் ஓர் உறுப்பு என்பதால் தனியார் துறைக்குரிய தேசியத் தொழிலுறவுச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என அப்பள்ளியின் ஆட்சிக்குழு வாதிட்டது. 2018இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆட்சிக்குழு உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோரும் அல்லர், மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டோரும் அல்லர் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அத்தீர்ப்பு ஊழியர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்தது, அதனால் வரவேற்கத்தக்கது. ஆயினும் வரிப்பணத்தைப் பெறுகையில் பொது நிறுவனமாகவும் வேலை கொடுக்கையில் தனியார் முதலாளியாகவும் ஒரே பள்ளி விளங்குவதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பொதுப் பள்ளி ஆசிரியருக்குரிய பணிப்பாதுகாப்பு இவ்வூழியர்களுக்கு இல்லை. சங்கமோ தனி ஒப்பந்தமோ இல்லாத இடத்தில் காரணம் கூறாமலே ஒருவரைப் பணியிலிருந்து விலக்க முடியும்.

பள்ளிகளை மீண்டும் உள்ளூர் வாரியத்திடம் சேர்த்த 2016ஆம் ஆண்டின் 91ஆம் சட்டம், நியமனம், ஊதியம், பணிநீக்கம், பாடத்திட்டம் ஆகியவற்றில் நடத்துநரின் தன்னாட்சியில் வாரியம் தலையிடலாகாது என்று வரையறுப்பதை இச்சங்கம் அறியும். ஆதலால் இத்தனை டாலர் ஊதியம் தருக என ஆணையிடுமாறு வாரியத்தை அது கோரவில்லை. மாறாக, ஒவ்வொரு நடத்துநரும் தனது ஊதியப் படிநிலையையும் ஆண்டுதோறும் பணியிலிருந்து விலகியோர், விலக்கப்பட்டோர் எண்ணிக்கையையும் வெளியிடவும், எழுத்துமூலப் பணி ஒப்பந்தம் வழங்கவும், பணிநீக்கத்துக்கு முன் காரணத்தை எழுத்தில் தெரிவித்து விளக்கம் கேட்கவும், சங்கம் அமைக்கும் வாக்கெடுப்பில் பொதுநிதியைச் செலவிட்டு எதிர்ப்பிரசாரம் செய்யாதிருக்கவும் சார்ட்டரைப் புதுப்பிக்கும் வேளையிலேயே உறுதிமொழி பெறப்பட வேண்டும் என்பதே முதற் கோரிக்கை. மதிப்பெண்ணையும் கணக்கையும் பார்த்துப் புதுப்பிக்கும் வாரியம், ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் குழந்தை யாரிடம் கற்கிறது என்பதையும் பார்ப்பது தன்னாட்சியில் தலையிடுவது ஆகாது.

ஓய்வூதியம் தனியே எடுத்துரைக்கத்தக்கது. லூசியானாவின் ஆசிரியர் ஓய்வூதிய அமைப்பில் சேர்வதா, விலகி நிற்பதா என்பதைச் சார்ட்டர் பள்ளிகளே தீர்மானிக்கலாம். சேர்ந்துள்ள பள்ளியிலிருந்து சேராத பள்ளிக்கு மாறும் ஆசிரியர், அதே நகரில் அதே பாடத்தைக் கற்பித்தபோதிலும், ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலத் தொடர்ச்சியை இழக்கிறார். பள்ளி மூடப்படுவதால் மாற நேர்ந்தாலும் நிலை இதுவே. ஆகவே நகரின் எல்லாப் பள்ளிகளிலும் இவ்வமைப்பில் சேரும் வாய்ப்பைத் தனிப்பட்ட ஆசிரியரின் விருப்பத்துக்கு விடும் வகையில் சட்டத்தைத் திருத்துமாறு மாநில வாரியம் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

மாணவர் பக்கம் நோக்கினால், பள்ளி மூடலே மிகப் பெரிய அதிர்ச்சி. 2011 முதல் மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை எழுத்துத் தரம் வழங்குகிறது. தரம் தாழ்ந்த பள்ளியின் சார்ட்டர் புதுப்பிக்கப்படாமல் போகலாம். மூடவே கூடாது என்று இச்சங்கம் கூறவில்லை. ஆனால் நகர் முழுவதற்குமான பொது விண்ணப்ப முறையில் பெற்றோர் பள்ளிகளை வரிசைப்படுத்தும் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்பே மூடல் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மூடப்படும் பள்ளியின் மாணவருக்கு அதைவிட உயர்ந்த தரமுள்ள பள்ளியில் இடம் உறுதிசெய்யப்பட வேண்டும். கட்டடத்தை ஏற்கும் புதிய நடத்துநர் முந்தைய ஆசிரியர்களை முதலில் நேர்காண வேண்டும். போக்குவரத்திலும் குறையுண்டு; ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே பேருந்துக்கு ஏற்பாடு செய்வதால் ஒரே தெருவில் பல பள்ளிகளின் பேருந்துகள் செல்ல, சூரியன் உதிக்கும் முன்பே நிறுத்தத்தில் நிற்கும் சிறுவர்களும் உள்ளனர். வட்டாரவாரியாகப் பொதுப் பேருந்துத் திட்டம் ஒன்றை வாரியம் வகுப்பது செலவையும் குறைக்கும்.

மாற்றுத்திறன் மாணவரின் கல்வி குறித்து 2010இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 2015இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டில் முடிந்து, சுயேச்சையான கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். அதற்கு முன்பே, 2012இல், பள்ளியிலிருந்து மாணவரை நீக்கும் அதிகாரம் தனித்தனிப் பள்ளிகளிடமிருந்து எடுக்கப்பட்டு ஒரு மைய விசாரணை அலுவலகத்திடம் சேர்க்கப்பட்டது. சிதறிக் கிடந்த ஒரு பொறுப்பை நகரம் முழுமைக்கும் பொதுவாக்க முடியும் என்பதற்கு இது முன்மாதிரி. பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் போன்ற வல்லுநர்களை ஒற்றைப் பள்ளி தானே தேடி அமர்த்துவது கடினம் என்பதால், அவர்களை வாரியமே நியமித்துப் பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் வாரியம் லியா சேஸ் பள்ளியைத் தன் நேரடி நிர்வாகத்தில் திறந்தது. சார்ட்டர் மட்டுமே வழி என்னும் எண்ணம் அன்றோடு தளர்ந்தது. அப்பள்ளி ஒற்றை விதிவிலக்காக நின்றுவிடாமல், நடத்துநர் தாமே விலகும் அல்லது விலக்கப்படும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், வேறு நடத்துநரைத் தேடுவதோடு நேரடி நிர்வாகத்தின் சாதக பாதகங்களும் எழுத்தில் ஆராயப்பட்டு, அந்த அறிக்கை பெற்றோர் முன் வைக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியின் ஆட்சிக்குழுவிலும் ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஒருவரும் வாக்குரிமையுடன் இடம்பெற வேண்டும். அக்குழுக்களின் கூட்டங்கள் மாநிலத்தின் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. பள்ளி நேரத்திலோ வேலை நேரத்திலோ கூட்டம் நடந்தால் அச்சட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், அவை மாலை ஆறு மணிக்குப் பின் நடத்தப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு உறுப்பினர் கொண்ட பள்ளி வாரியமும் இதே விதியைப் பின்பற்றி, சார்ட்டர் புதுப்பித்தல் மீது முடிவெடுப்பதற்கு முன் இம்மனுவை ஒரு மாலைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, சங்கப் பிரதிநிதிகளுக்கு நேரில் விளக்கமளிக்க வாய்ப்பளித்து, ஏற்கப்படும், மறுக்கப்படும் கோரிக்கைகள் குறித்துத் தனித்தனியே எழுத்தில் பதிலளிக்குமாறு வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர்