இரு திருடர்களும் வெட்டுப்பட்ட சட்டகமும்

மணிரத்னத்தின் 'திருடா திருடா' பற்றி நம் சிற்றிதழ்ச் சூழலில் ஒரு தீர்ப்பு நெடுநாளாக நிலவுகிறது. 1992இன் 'ரோஜா'வுக்கும் 1995இன் 'பம்பாய்'க்கும் நடுவே இயக்குநர் எடுத்துக்கொண்ட விடுமுறை அது; பாட்டு நன்று, ஒளிப்பதிவு நன்று, மற்றபடி சரக்கில்லை. ரோஜாவின் தேசியத்தையும் பம்பாயின் மதநல்லிணக்கத்தையும் கிழித்துத் தொங்கவிட எத்தனை இதழ்கள், எத்தனை பக்கங்கள்! 1993 தீபாவளிக்கு வந்த இந்தப் படத்துக்கோ போகிறபோக்கில் ஒரு வரி. இத்தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. அதோடு நில்லாமல், தீர்ப்பளித்தவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்க்கவே இல்லை என்றும் சொல்கிறோம். அவர்கள் வீட்டில் பார்த்தது அந்தப் படத்தின் நடுத்துண்டை மட்டுமே.

திரையரங்குக்காக எடுக்கப்படும் படம் அகலமானது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறத்தாழச் சதுரமாக இருந்தது. அகலமான படத்தைக் கொண்டு அந்தச் சதுரத்தை நிரப்ப வேண்டுமானால் இரண்டு ஓரங்களையும் அரிய வேண்டும். தமிழ்ப் படங்களின் வீடியோ கேசட்டுகளும் அவற்றுக்குப் பின் வந்த வட்டுகளும் பல நேரங்களில் இதைத்தான் செய்தன. மேலைநாடுகளில் 1980களின் நடுப்பகுதியிலேயே லேசர் வட்டுகளில் மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் தருகிற வழக்கம் தொடங்கிவிட்டது. நம் வீடுகளிலோ அந்தப் பட்டையைக் கண்டதும் "என்னப்பா, பாதிப் படந்தான் தெரியுது" என்று ரிமோட்டில் பெரிதாக்கும் பொத்தானைத் தேடுகிற மாமாக்கள் இருந்தார்கள். முழுப் படத்தைப் பாதி என்றும் பாதிப் படத்தை முழுது என்றும் நம்பிப் பழகிய தலைமுறை நாம்.

துயரப் படங்கள் இந்த வெட்டிலிருந்து ஓரளவு தப்பித்துக்கொள்ளும். அழுகிற முகம் பெரும்பாலும் சட்டகத்தின் நடுவில் இருக்கும். இரண்டு நண்பர்களின் சாகச நகைச்சுவைக்கு அந்த வசதி இல்லை. ஒருவன் இடது ஓரத்தில் நின்று பொய் சொல்ல வேண்டும். மற்றவன் வலது ஓரத்தில் நின்று அந்தப் பொய்யைக் கேட்டு விழிக்க வேண்டும். சிரிப்பு பேசுகிறவனிடமும் இல்லை, கேட்கிறவனிடமும் இல்லை. இருவருக்கும் இடையிலுள்ள வெளியில் இருக்கிறது. ஓரத்தை வெட்டினால் வசனம் மிஞ்சும், நகைச்சுவை போய்விடும். அப்படி மிஞ்சியதைப் பார்த்துவிட்டுத்தான் 'சிரிப்பு வரவில்லை' என்று எழுதினார்கள்.

எங்கள் ஊர் கோட்டக்குப்பம். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் தமிழ்நாடு தொடங்குகிற இடம். வளைகுடாவிலும் பிரான்சிலும் பிழைக்கப் போனவர்களின் வீடுகளுக்கு வீடியோ டெக் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. எங்கள் வயதுக்காரர்களின் திரைப்படக் கல்வி திரையரங்கில் பாதி, அத்தகைய வீடுகளின் கூடத்தில் பாதி. அண்மையில் எங்கள் வட்டத்தினர் சிலர் கூடி, கையிலிருந்த பழைய வட்டில் ஒருமுறையும் இணையவழிக் கிடைத்த அகலமான பிரதியில் ஒருமுறையும் இந்தப் படத்தை அடுத்தடுத்துப் பார்த்தோம். பழைய வட்டில் ஓரங்கள் இல்லை. பாட்டின் நடுவே நிறுவனத்தின் முத்திரை வேறு மிதந்து வந்தது. 'வீரபாண்டிக் கோட்டையிலே' பாட்டை எடுத்துக்கொள்வோம். மனோவும் உன்னி மேனனும் இரு ஆண்களுக்குக் குரல் கொடுக்க, நடுவே சித்ராவின் குரல். ஒருத்தியை முன்வைத்து இருவர் போட்டியிடுகிற பாட்டு அது. மூன்று பேர் வேண்டிய இடத்தில் இரண்டரைப் பேரைக் காட்டினால் அது என்ன போட்டி? அகலப் பிரதியில் அதே பாட்டு வேறொன்றாக இருந்தது. ஒருவன் பாட, மற்றவன் பொருமிக்கொண்டு நிற்பது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது.

இனி விமர்சகர்கள் வெட்டிய ஓரத்துக்கு வருவோம்.

நம் அகமரபில் தலைவனுக்குப் பாங்கன் என்றொரு தோழன் உண்டு. தலைவனை இடித்துரைப்பான், தலைவிக்காக உருகுவதைக் கண்டு வருந்துவான், குறியிடம் கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவனுக்கென்று ஒரு காதல் இல்லை, பசி இல்லை, ஊர் இல்லை. தமிழ்த் திரையின் நண்பனும் இந்தப் பாங்கனின் வழித்தோன்றல்தான். 1965இன் 'ஆயிரத்தில் ஒருவன்' கடற்சாகசத்தில் எம்.ஜி.ஆருடன் நாகேஷ் இருக்கிறார். நாகேஷின் மேதைமை எவ்வளவு பெரிதாயினும் கதையில் அவர் இடம் பாங்கனின் இடமே. 1980களிலும் 1990களிலும் நகைச்சுவை கதையிலிருந்து பிரிந்து தனித் தடமாகவே ஓடியது. கவுண்டமணியும் செந்திலும் அடித்துக்கொள்வார்கள். நாயகன் அடுத்த காட்சியில் தனியே வீரம் காட்டுவான். 'திருடா திருடா'வில் அந்தத் தடம் இல்லை. பிரசாந்தின் அழகும் ஆனந்தின் கதிரும் சமமான இரு திருடர்கள். வீரமும் கோமாளித்தனமும் இருவருக்கும் பொது. எவன் தலைவன், எவன் பாங்கன் என்பதைப் படம் தீர்த்துவைக்க மறுக்கிறது. தற்கொலையின் விளிம்பிலிருந்து இருவரும் காப்பாற்றிய ராசாத்தியை (ஹீரா) இருவரும் விரும்பத் தொடங்குகிறபோது அந்த மறுப்பே கதையின் சிக்கலாகிவிடுகிறது. நாயக வழிபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்புகிற நம் விமர்சகர்கள், நாயகன் என்ற ஒற்றை நாற்காலியை இரண்டாகப் பிளந்த ஒரு படம் கண்முன் வந்தபோது அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார்கள். வேடிக்கைதான்.

பணத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. அச்சிட்ட ஆயிரம் கோடி ரூபாய் நோட்டுகள் ஒரு பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. ரயிலிலிருந்து கொள்ளை போகின்றன. பெட்டகம் பெரிய திருடனிடம். சலீம் கௌஸ் அந்தப் பாத்திரத்தை ருசித்துச் செய்திருக்கிறார். திறக்கும் அட்டையோ அனு அகர்வாலின் சந்திரலேகாவிடம். கோழியும் நகையும் திருடிப் பிழைக்கிற வகையைச் சேர்ந்த இருவர் அதன் மதிப்புத் தெரியாமல் நடுவில் வந்து விழுகிறார்கள். 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1992இல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை மோசடி வெடித்தது. 1993இல் இந்தப் படம். பணம் கையால் எண்ண முடியாத, கண்ணால் பார்க்க முடியாத, ஓர் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பொருளாக மாறிய ஆண்டுகள் அவை. இதைச் சொல்ல ராம் கோபால் வர்மாவோடு சேர்ந்து மணிரத்னம் ஒரு துரத்தல் கதையைத்தான் எழுத வேண்டியிருந்தது. அதே கருத்தை ஒரு வங்கி எழுத்தரின் மனச்சோர்வாக எடுத்திருந்தால் நம்மவர் சிறப்பிதழ் போட்டிருப்பார்கள்.

நிற்க. குறைகள் இல்லையா? உண்டு. பிற்பகுதி நீள்கிறது. சந்திரலேகாவைப் படம் சாவியாக வைத்திருக்கிறதே தவிர மனுஷியாக வைத்திருக்கிறதா என்பது ஐயமே. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் புலனாய்வு அதிகாரிக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். அவர் வருகிற இடங்களில் படம் தானாகவே இளகுகிறது. ஆனால் வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு மனிதக் குரல்களை மட்டும் வைத்து 'ராசாத்தி' பாட்டை அமைத்த ரகுமானின் துணிச்சலும், அதை ஷாகுல் ஹமீது பாடிய விதமும், பி.சி. ஸ்ரீராமின் ஒளியும் இந்தக் குறைகளோடு தராசில் வைக்கப்பட வேண்டாமா? நடன அமைப்புக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் தேசிய விருது பெற்ற படம் இது. அந்த இரண்டும் சட்டகத்தின் முழு அகலமின்றி விளங்காதவை.

ஒரு பொழுதுபோக்குப் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் 1931க்குப் போய்ப் பார்க்கட்டும். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்காது, பிரதி இல்லை. அதை எவரும் பகைமையால் அழிக்கவில்லை. வந்தது, ஓடியது, பொழுது போயிற்று, பெட்டியை மூலையில் போட்டார்கள். இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு மூலையில் போட்டால் என்னாகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மரக்காணத்து உப்பளங்கள் வரை வீசுகிற காற்றில் சன்னல் கம்பியே சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும் அசிட்டேட் படச்சுருள் புளிக்காடி நாற்றமடித்துச் சுருங்கும், வண்ணம் வெளிறும்.

காக்க முடியாததும் அல்ல. 1975இன் 'ஷோலே' இரு நண்பர்களின் சாகசமன்றி வேறென்ன? அதை 4கே தரத்தில் மீட்டெடுத்து, நெருக்கடிநிலைக் காலத் தணிக்கையால் மாற்றப்பட்ட மூல முடிவையும் சேர்த்து, 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யாவில் திரையிட்டார்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' 2014இல் எண்முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்து சென்னையில் 175 நாட்களைக் கடந்து ஓடியது. ஆக, வழியும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. ஆனால் தமிழில் எதை மீட்பது என்பதை முடிவுசெய்வது நட்சத்திரத்தின் பெயர். ரசிகர் மன்றத்தின் பலமில்லாத படங்களுக்காகப் பேச வேண்டிய கடமை இலக்கிய இதழ்களுடையது. அவை பேசவில்லை. 'நாயகன்' மீண்டும் திரைக்கு வந்தபோது கொண்டாடியவர்கள் இதற்காகவும் ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

உரிமை வைத்திருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. மூலச் சுருளிலிருந்து முழு அகலத்தில் புதிய பிரதி எடுக்கட்டும். பாட்டின் மேல் முத்திரை ஓடவிடாமல் இருக்கட்டும். ஸ்ரீராம் போன்றோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்ணத்தைச் சரிபார்க்கட்டும். விமர்சக நண்பர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. அடுத்த முறை 'திருடா திருடா'வைப் பற்றி அந்த ஒற்றை வரியை எழுதுமுன், எந்தப் பிரதியைப் பார்த்தோம், அதில் ஆனந்த் முழுதாகத் தெரிந்தாரா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.