வீடு யார் பெயரில்?

புது வீட்டில் பால் பொங்கியாகிவிட்டது. குத்துவிளக்கு சாமி மேடைக்குப் போய்விட்டது. கல்யாணப் பரிசாக வந்த மிக்சியும் அரிசிக் குக்கரும் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. யார் சமைப்பது, யார் துணி மடிப்பது, தீபாவளிக்கு முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று புதுமணத் தம்பதியருக்குப் பேச ஆயிரம் விஷயங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் பலர் பேசாமலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது?

ராசா, பத்தாங்காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. கல்யாணம் முடிந்தால் லயத்தில் ஒரு வீடு. அதை நிர்வாகம் கொடுத்தது. வேலை இருக்கும் வரைதான் வீடும் இருக்கும். வாசலில் முருங்கை வைத்து, பின்புறம் கோழி வளர்த்து, அதே வீட்டில் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் ஏராளம். ஆனால், அந்த வீடு ஒருநாளும் அவர்களுடையதாக இல்லை.

தோட்டங்கள் கைமாறியபோதுதான் அதன் வலி தெரிந்தது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடிய கதை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ராசாவில் கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள். வங்கிக் கடனில் தரை வீடோ அடுக்குமாடி வீடோ வாங்குகிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் ஒருவருடைய நிலைமை லயத்து நிலைமைதான். வாழ்வது இவர், வீடு இன்னொருவர் பெயரில்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே தன் பெயரில் வீடு வாங்கிவிட்டார். மாதத் தவணை 1,500 வெள்ளியை அவர் கட்டுகிறார். மனைவி மளிகை, மின்சாரம், தண்ணீர், இணையக் கட்டணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். சமையலறை அலமாரிக்கும் சோபாவுக்கும் தன் சேமிப்பிலிருந்து 15,000 வெள்ளி போடுகிறார். மாதாமாதம் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் செலவழிக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் பாருங்கள். அவர் பணம் வீடாக நிற்கும். இவர் பணம் அரிசியாகவும் பழைய சோபாவாகவும் தீர்ந்திருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

“அன்பாக இருக்கும்போது பெயர் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. சண்டைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மரணமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்து 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி பிரியும். பிள்ளை இல்லை, பெற்றோர் இருக்கிறார்கள் என்றால் துணைக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. பிள்ளையும் பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால்பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால்பங்கு. கல்யாணமாகி ஓராண்டில் கணவனை இழந்த பெண், தான் குடியிருக்கும் வீட்டின் பாதிக்கு மாமனார் மாமியாரிடம் பேச வேண்டியிருக்கும். மனைவி பெயரில் வீடு இருந்து அவர் இறந்தால் கணவனுக்கும் இதே நிலைதான்.

இருவர் பெயரிலும் வீடு இருந்தால் ஒருவர் பங்கு தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டு நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்கே போகும். அதனால் கூட்டுப் பெயரோடு உயிலும் வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகக் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

இருவர் பெயரிலும் வாங்குவதில் நன்மை உண்டு. இருவர் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பதால் கடன் கூடுதலாகக் கிடைக்கும். ஊழியர் சேமநிதியில் இருந்து இருவருமே வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். பாரமும் உண்டு. கூட்டுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் வங்கி மற்றவரிடம் முழுத் தொகையையும் கேட்கும். முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரை வரிச் சலுகை போன்ற வாய்ப்பும் இருவருக்கும் ஒரே வீட்டில் தீர்ந்துவிடும். எனவே எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவர் பெயரில்தான் வாங்குவது என்று முடிவானால், மற்றவர் அதற்கு ஈடாகத் தன் பெயரில் சேமிக்கட்டும். மளிகைச் செலவை இருவரும் பகிர்ந்துகொண்டாலே அதற்கு வழி பிறக்கும்.

பெற்றோர் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா தன் சேமநிதியை எடுத்து முன்பணம் கட்டிய வீடுகள் நம்மிடையே நிறைய. அது பரிசா, கடனா, கடைசிக் காலத்தில் அவர்களும் அங்கே தங்குவார்களா? சாவி வாங்கும் முன்பே இதை நான்கு பேரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பிறகு பேசினால் மருமகள்தான் கெட்ட பெயர் வாங்குவாள்.

வாடகை வீடுதானே என்று இருக்கிறீர்களா? ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அதற்கு முத்திரை வரி கட்டி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் யார் கொடுத்தது என்பதற்கு ரசீது இருக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பின் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், கடன் பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு இன்னும் வேலையில் சேர்ந்த நாளில் எழுதிய பெயர்தான் இருக்கும். அது இப்போதும் சரிதானா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள்.

பேச ஆரம்பிக்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு தேநீர் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். காலமெல்லாம் உழைத்தும் ஒரு வீட்டுப் பத்திரம் கையில் இல்லாமல் போன தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தக் காகிதத்தின் அருமை நமக்குத் தெரியாதா என்ன!