டெங்கு மழைக்கால நோய் மட்டுமன்று

டெங்குக் காய்ச்சலை மழைக்கால நோய் என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது முற்றிலும் பிழையன்று. எனினும், இவ்வழக்கு நம்மைக் காலந்தாழ்த்தி விழிக்கச் செய்கிறது என்பதே நம் கருத்து.

டில்லி நகரில் 1996-ஆம் ஆண்டு பரவிய டெங்குவால் 10,000-க்கு மேற்பட்டோர் துன்புற்றனர். 400-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோய் உச்சத்தை எட்டியது மழை ஓய்ந்த அக்டோபரில். ஆயின், அதற்கான வித்து மழைக்கு முன்னரே ஊன்றப்படுகிறது.

நோயைப் பரப்பும் ஈடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீடுகளில் தேங்கும் தெளிந்த நீரையே நாடுவது. அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும், நீர்பட்டதும் பொரியும். கோடையில் டில்லி இல்லங்களின் கூலர்களும், ராஜஸ்தானத்தின் வறண்ட பகுதிகளிலுள்ள வீட்டுத் தொட்டிகளும் மழையின்றியே இக்கொசுவுக்கு இடமளிக்கின்றன. பெருமழை சிலபோது புழுக்களை அடித்துச் செல்வதும் உண்டு. மழை பொய்த்தால் மக்கள் நீரைச் சேமிப்பர். அப்போதும் கொசு பெருகும்.

வெப்பத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. கொசுவின் உடலில் புகுந்த வைரஸ், அதன் உமிழ்நீரை அடைந்த பின்னரே பிறருக்குத் தொற்றும். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், 30 டிகிரி சென்டிகிரேடில் இதற்கு 12 நாட்கள் பிடித்தன. 32 முதல் 35 டிகிரியில் 7 நாட்களே போதுமாயின. சில வாரங்களே வாழும் கொசுவுக்கு இந்த 5 நாட்கள் பெருஞ்சலுகையாகும்.

ஆதலின், காய்ச்சல் தோன்றிய பின் புகையடிப்பதைக் காட்டிலும், கோடையிலேயே வீடுதோறும் தொட்டிகளை ஆராய்வது சிறந்தது. தேசிய டெங்கு தினம் மே 16-இல் வருவதும் இதனாற் பொருத்தமே. அன்று பல மாநிலங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆசிரியர்கள் ஏப்ரலிலேயே இப்பாடத்தைத் தொடங்குதல் நலம்.

நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மூடிவைக்க வேண்டும். வானிலையை மாற்ற கள ஊழியரால் இயலாது. தொட்டியின் மூடியோ நம் யாவரின் கைக்கும் எட்டுவது.