பாதி மீனும் முழு ஆறும்

உரிமைப் பேச்சைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, மண்வெட்டியும் கையுமாக எல்லோரும் ஒன்றுசேர்ந்து உழைத்தால் நாடு தானே செழிக்கும் என்று உபதேசம் செய்வோர் எக்காலத்திலும் எந்நாட்டிலும் உளர். உழைப்பை நாம் இகழவில்லை. ஒன்றுசேர்வதையும் வெறுக்கவில்லை. ஆயினும், யார் யாரோடு, எந்த நிலையில் நின்று ஒன்றுசேர்வது என்னும் கேள்வியை விழுங்கிவிட்டு நடைபெற்ற கூட்டுறவு எங்கேனும் நிலைத்ததுண்டா? இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலே ஓடும் ஓர் ஆற்றின் கதையைக் கேட்டல் நன்று.

நிஸ்குவாலி என்பது அவ்வாற்றின் பெயர். அதன் கரையில் தொன்றுதொட்டு வாழும் ஆதிக்குடிகளின் பெயரும் அதுவே. வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ரெய்னியர் மலையின் பனிக்கட்டியாற்றிலே தோன்றி, ஏறத்தாழ 80 மைல் ஓடி, பியூஜெட் சவுண்ட் என்னும் உட்கடலில் அது கலக்கின்றது. அவ்வாற்றின் செல்வம் சால்மன் மீன். நம் நாட்டுக் கடைகளில் தகரப் பேணியில் அடைத்து விற்கப்படும் மீனைப் பலர் இன்றும் 'சமன்' என்றே கேட்டு வாங்குகின்றனர்; பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன் என்பது வேறு கதை. அந்தப் பெயருக்கு உரிய மீன் ஆற்றின் மேற்பகுதியில் பரற்கற்களுக்கிடையே பிறந்து, கடலுக்குச் சென்று சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் தான் பிறந்த ஆற்றையே தேடி எதிர்நீச்சலிட்டு வருவது. வந்து முட்டையிட்டு அங்கேயே மடிவது. அதற்குக் குளிர்ந்த தெளிநீர் வேண்டும். கரைமரங்களின் நிழல் வேண்டும். வீழ்ந்த மரங்கள் தடுத்து உண்டாக்கும் மடுக்கள் வேண்டும். குஞ்சுகள் உவர்நீருக்குப் பழகுவதற்குக் கழிமுகத்திலே சதுப்பு நிலம் வேண்டும். இவற்றுள் எது கெட்டாலும் அதன் வழி அறுந்துபோகும்.

நிஸ்குவாலியில் இவை யாவும் கெட்டன. 1904இல் கழிமுகத்திலே பிரவுண் என்னும் பண்ணையார் கடல்நீர் புகாதவாறு நெடிய வரம்பு கட்டிச் சதுப்பைப் பண்ணை நிலமாக்கினார். அதற்கு முன்பே, ஓஹோப் என்னும் கிளையோடையைக் குடியேற்றக்காரர் மேய்ச்சல் நிலத்துக்காக நேர்வெட்டு வாய்க்காலாக்கி விட்டனர். வளைந்தோடும் ஓடையில்தான் மீன் தங்கும், வாய்க்காலில் தங்காது. மலைச்சரிவிலே மரம் தறித்தோர் செய்த வேலையை விரித்துரைக்கத் தேவையில்லை.

இன்று அங்கே நடைபெறும் காரியங்கள் கண்டு மகிழத்தக்கவை. 2009இல் கழிமுக வரம்பு உடைக்கப்பட்டு, 762 ஏக்கர் நிலத்துக்குள் கடல்நீர் மீண்டும் ஏறி இறங்கலாயிற்று. (உவர்நீரைத் தடுக்கத் தொண்டைமானாற்றிலே அணை கட்டிய நம்மவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம், அவரவர் நிலத்துக்கு அவரவர் நீர்!) நிஸ்குவாலி மக்கள் தம் பங்கிலே முன்னரே திறந்துவிட்ட நிலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 900 ஏக்கர் சதுப்பு மீண்டது. ஓஹோப் ஓடைக்கு வளைவும் நெளிவுமாகப் புதிய படுகை வெட்டப்பட்டது. கரைகளிலே தொண்டர்கள் கன்று நட்டனர். அயற் பாடசாலை மாணவர் ஆற்றுநீரை மொண்டு சோதிக்கின்றனர். அது மட்டுமன்று, மீன் வளர்ப்பு நிலையங்களில் இறந்த சால்மன் உடல்களைச் சுமந்து சென்று ஓடைகளில் எறிகின்றனர். அருவருப்பான வேலை என்று முகம் சுளிக்க வேண்டா. கடலிலிருந்து மீன் கொண்டுவந்து மடிந்து சொரியும் ஊட்டமே அந்தக் காட்டுக்கும் ஓடைக்கும் எருவாயிருந்தது. மீன் குறைந்தபோது எருவும் குறைந்தது. அக்குறையைப் பிள்ளைகள் கையால் ஈடுசெய்கின்றனர்.

இவற்றையெல்லாம் ஒருங்கிணைப்பது 1987இல் உருவான நிஸ்குவாலி ஆற்றுச் சபை. ஆதிக்குடிகளும், மாநில, மத்திய அரசாங்கத் திணைக்களங்களும், உள்ளூராட்சி மன்றங்களும், அயலிலுள்ள இராணுவத் தளத்தாருங்கூட அதிலே ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். பொதுமக்களுக்கென்று தனிக்குழுவும் உண்டு. 1989இல் தோன்றிய நில நிதியம் ஒன்று, விற்க விரும்புவோரிடம் ஆற்றங்கரை நிலத்தை விலைகொடுத்து வாங்கிப் பாதுகாக்கின்றது.

பார்த்தீர்களா, அரசியல் பேசாமலே எவ்வளவு சாதித்தார்கள் என்று நமது உபதேசிகள் கைதட்டுவர். அந்த மேசை எப்படி வந்தது என்பதை மட்டும் அவர்கள் கேளார்.

1854 டிசம்பர் 26ஆம் நாள் மெடிசின் கிரீக் என்னுமிடத்தில் ஆளுநர் ஐசாக் ஸ்டீவன்ஸ் இம்மக்களிடம் உடன்படிக்கை பெற்றார். நிலமெல்லாம் வெள்ளையர்க்கு, ஆயினும் வழக்கமாக மீன் பிடித்த இடங்களிலே, ஏனைய குடிகளோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை ஆதிக்குடிகளுக்கு என்று அதிலே எழுதப்பட்டது. ஒதுக்கப்பட்ட நிலம் வாழத் தகாதது என்று எதிர்த்து நின்ற தலைவர் லெஷாய் 1858இல் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று ஒரு சரித்திர நீதிமன்றம் கூறியது 2004இல். ஒன்றரை நூற்றாண்டு பிந்திய நீதி! 1917இல் இராணுவ முகாமுக்கென்று அவர்களின் எஞ்சிய நிலத்திலும் பெரும்பகுதி பறிபோயிற்று. காகிதத்தில் எழுதிய உரிமையின் கதி எவ்வாறாயிற்று? ஒப்பந்தம் கிழிபடுவதை 1958இல் கண்ட மக்களுக்கு நாம் அதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

தம் பாட்டன் வலை வீசிய இடத்திலே வலை வீசியதற்காக பில்லி பிராங்க் என்னும் நிஸ்குவாலிச் சிறுவர் 1945இல் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 14. அதன்பின் ஐம்பது தடவைக்கு மேல் அவர் கைதானார். 1960களிலே ஆற்றில் வலை வீசிச் சிறை செல்வது ஓர் அறப்போராகவே நடைபெற்றது. படகுகள் பறிக்கப்பட்டன, வலைகள் அறுக்கப்பட்டன, தடியடியும் நடந்தது. நடிகர் மார்லன் பிராண்டோ 1964இல் அயலிலுள்ள புயலப் ஆற்றில் அவர்களுக்குத் துணையாக மீன் பிடித்துக் கைதானார். மாநில அரசாங்கம் இவ்வளவுக்கும் சொன்ன காரணம் யாது? மீன்வளத்தைப் பாதுகாக்கின்றோம் என்பதே! அக்காலத்தில் பிடிபட்ட மீனில் ஆதிக்குடிகளின் பங்கு நூற்றுக்கு ஐந்துதானும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு வலை தெரிந்தது. வரம்பும் வாய்க்காலும் தெரியவில்லை.

1974 பெப்ரவரி 12ஆம் நாள் நீதிபதி ஜோர்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். அவர் புரட்சிக்காரர் அல்லர். ஐசனோவர் நியமித்த பழமைவாதி. உடன்படிக்கையின் சொற்களை எடுத்து, எழுதப்பட்ட காலத்தில் அவை என்ன பொருள் தந்தன என்று பார்த்தார். 'பொதுவாக' என்றால் பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று கூறினார். மீனைப் பராமரிப்பதிலும் ஆதிக்குடிகளுக்கு இடமுண்டு என்றார். எதிர்த்தோர் அவரது கொடும்பாவியைக் கொளுத்தினர். மாநில அதிகாரிகள் கீழ்ப்படிய மறுத்தனர். 1979இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் நிலைநிறுத்திய பின்னரே புயல் தணிந்தது.

நேற்றுவரை கள்ளன் என்று விலங்கு மாட்டிய கையே அதன்பின் பங்காளி என்று நாற்காலி எடுத்துப்போட்டது. மனம் மாறியதனால் அன்று, மாறாதிருக்க வழியில்லாததனால். ஆற்றுச் சபையின் மேசைக்கு அடிக்கல் இதுவே. உரிமையற்றவனோடு சேர்ந்து நடத்தும் கூட்டுறவில் அவனுக்குக் கிடைப்பது மண்வெட்டி மாத்திரம். எங்கே வெட்டுவது என்று சொல்பவன் வேறொருவன்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாவிடின் நாம் நேர்மையற்றவராவோம். பாதி மீன் என்று தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் மீனே இல்லாத ஆற்றில் பாதி என்பது என்ன? சைபரில் பாதியும் சைபரே. வென்ற மக்கள் வெற்றி முழக்கத்தோடு நின்றிருந்தால் இன்று அவர்களிடம் தீர்ப்பின் பிரதி ஒன்றே மிஞ்சியிருக்கும். அவர்கள் அவ்வாறு நிற்கவில்லை. தம்மைச் சிறையிலிட்ட அதிகாரிகளோடும், ஓடையை வாய்க்காலாக்கியோரின் வழிவந்த கமக்காரரோடும், நிலத்தைப் பறித்த இராணுவத்தோடும் உட்கார்ந்து பேசினர். பில்லி பிராங்க் வடமேற்கு ஆதிக்குடிகளின் மீன்பிடி ஆணைக்குழுவுக்கு முப்பது ஆண்டுகளாகத் தலைமை தாங்கிப் பகைவரையும் அரவணைத்தார். 2014இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு நாட்டின் அதியுயர் குடிமக்கள் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. வரம்பு உடைக்கப்பட்ட கழிமுகச் சரணாலயம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உரிமையை வென்றவனே விட்டுக்கொடுக்கவும் வல்லன் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று நாம் அறியோம்.

தொண்டர்களின் கைக்கும் ஓர் எல்லை உண்டு. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டத்தில் பதிவாயிற்று. அப்பட்டியலிலிருந்து அது இன்னும் விடுபடவில்லை. கன்று நடலாம், வெப்பமேறும் கடலைத் தொண்டர் குளிர்விக்க முடியாது. கழிமுகத்தின் குறுக்கே மண்மேடிட்டு ஓடும் பெருந்தெருவை மண்வெட்டியால் அகற்ற முடியாது. மாநிலமெங்கும் வீதிகளின் கீழே அமைந்த மதகுகளின் கதையும் அதுவே. நீர் போகும், மீன் ஏறாது என்ற நிலையிலுள்ள மதகுகள் பல. குழாயின் வாய் ஓடைக்கு மேலே அந்தரத்தில் தொங்கினால் மீன் எங்ஙனம் உள்ளே புகும்?

இதற்கும் உடன்படிக்கையே கைகொடுத்தது. மீன் பிடிக்கும் உரிமை தந்தோர் மீனின் வழியை அடைக்கலாகாது என்று 21 ஆதிக்குடிகள் 2001இல் மாநிலத்தின்மீது வழக்கிட்டனர். 2013இல் நீதிமன்றம் மதகுகளைத் திருத்துமாறு கட்டளையிட்டது. 2018இல் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் நால்வர் இருபுறமுமாகச் சமமாகப் பிரிய, கீழ்நீதிமன்றக் கட்டளையே நிலைத்தது. அடைபட்ட நீர்வழியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை 2030க்குள் திறந்துவிட வேண்டும் என்பது தவணை. செலவோ பல நூறு கோடி டொலர். மதிப்பிட்ட தொகை போதவில்லை, தவணையும் போதவில்லை என்று மாநிலத்தார் முறையிட்டு வந்துள்ளனர். ஆதிக்குடிகள் 1854 முதல் காத்திருக்கின்றனர்.